புவி அளவியல், நிலப்படவியல், கணினி அறிவியல்: மூன்றையும் ஒரே பட்டப்படிப்பாக எப்படி அமைப்பது?

கேள்வி: கணினித் துறை ஆசிரியர், கோவை

நான்கு ஆண்டுப் பொறியியல் பட்டப்படிப்பு ஒன்றை வகுக்கும் குழுவில் இருக்கிறேன். முதல் வரைவில் கணினிப் பாடங்கள் வழக்கம்போல் இருக்க, புவி அளவியலும் (புவியின் வடிவையும் அதன்மேல் இடங்களின் நிலையையும் அளக்கும் துறை) ஜி.ஐ.எஸ்.ஸும் (கணினிவழிப் புவித் தகவல் அமைப்பு) ஐந்தாம் பருவத்திலிருந்து விருப்பப் பாடங்களாக ஒட்டப்பட்டுள்ளன. இப்படிப் படித்து வருபவருக்குத் திரையில் ஒரு புள்ளியை வைக்கத் தெரியும். அந்தப் புள்ளி எந்த ஆதாரத்தின் (datum, அளவீடுகளுக்கு அடிப்படையாகக் கொள்ளும் சட்டகம்) மேல் நிற்கிறது என்று சொல்லத் தெரியாது. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரியில் ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் (புவித் தகவலியல்) பட்டப்படிப்பு ஏற்கெனவே இருப்பதால், அதன் நகல் நமக்குத் தேவையில்லை. பாடத்திட்டத்தின் நடுவில் எதை வைக்கலாம்?

பதில்: ஓய்வுபெற்ற நில அளவையர், திருச்செங்கோடு

ஐயா, நம் ஊரையே பாடமாக வையுங்கள். யு.டி.எம். என்பது உருண்டைப் புவியைப் பட்டை பட்டையாகப் பிரித்துத் தட்டையான படமாக்கும் முறை. அதன் மண்டலங்கள் 43-க்கும் 44-க்கும் இடைப்பட்ட 78 பாகைத் தீர்க்கரேகை, திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே செல்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு நகரங்கள் ஒரு மண்டலத்திலும், சேலம், நாமக்கல், கரூர் நகரங்கள் அடுத்த மண்டலத்திலும் விழுகின்றன. அந்த எல்லையை ஒட்டிய இடங்களில் படத்தில் எடுக்கும் ஒரு கிலோமீட்டர், தரையில் உள்ளதைவிட ஏறத்தாழ 90 செ.மீ. கூடுதலாக இருக்கும். அதை உணராமல் பரப்பைக் கணக்கிட்டால் பத்து ஏக்கருக்கு ஒன்றே முக்கால் சென்ட் வரை அதிகமாகக் காட்டும். வரப்புத் தகராறு நடக்கும் ஊரில் அது சிறிய அளவு அன்று.

உயரத்தில் சிக்கல் இதைவிடப் பெரிது. ஜி.பி.எஸ். தருவது எலிப்சாய்டு உயரம், அதாவது புவிக்கு ஈடாகக் கொள்ளும் கணித வடிவிலிருந்து எடுத்த உயரம். தண்ணீர் ஓடுவதோ ஈர்ப்புவிசையைப் பின்பற்றி. நம் பகுதியில் ஜியாய்டு (ஈர்ப்புவிசைப்படி அமையும் சராசரிக் கடல்மட்டப் பரப்பு) எலிப்சாய்டுக்குச் சுமார் 90 மீட்டர் கீழே இருக்கிறது. அதுவும் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஆகவே 200 கி.மீ. நீளமுள்ள கீழ்பவானி வாய்க்காலுக்கு ஒரே எண்ணைக் கூட்டி மட்டம் குறிக்க முடியாது. ஆட்டோ லெவலை (மட்டம் பார்க்கும் கருவி) தோளில் சுமக்காத மாணவருக்கு இது புத்தகத்தில் மட்டும் விளங்கிவிடும் என்று நான் நம்பவில்லை.

பதில்: மென்பொருள் பொறியாளர், திருப்பூர்

மேலே சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். கணினிப் பக்கத்திலும் அதே கதைதான். கொங்குப் பகுதியின் யு.டி.எம். வடக்கு ஆயத்தொலைவுகள் எல்லாம் பதினொரு லட்சம் மீட்டருக்கு மேல் வரும். அந்த அளவில் 32 பிட் மிதவைப்புள்ளி எண்ணில் (கணினி தசம எண்களைச் சேமிக்கும் வடிவம்) அடுத்தடுத்த இரு மதிப்புகளுக்கு இடைவெளி 12.5 செ.மீ. சென்டிமீட்டர் துல்லியத்தில் அளந்துவந்த அளவீட்டை அப்படிச் சேமித்தால், களத்தில் உழைத்த உழைப்பு நினைவகத்திலேயே அழிந்துவிடும். இதைக் கணினி ஆசிரியரும் சொல்வதில்லை, அளவை ஆசிரியரும் சொல்வதில்லை. இருவருக்கும் நடுவே விழுந்துவிடுகிறது. இரு துறைப் பாடங்களை அடுத்தடுத்து வைப்பதால் பயனில்லை. ஒரே கணக்கை இரு ஆசிரியர்களும் சேர்ந்து நடத்த வேண்டும்.

தரவுத்தளப் பாடத்தில் பி-மரத்துக்கு (வரிசைப்படுத்திய தரவைத் தேடும் அமைப்பு) அடுத்து ஆர்-மரம் (இடம் சார்ந்த தரவைத் தேடும் அமைப்பு) வரட்டும். வடிவியல் நெறிமுறைகளில் டெலோனே முக்கோணமாக்கம் (சிதறிய புள்ளிகளை முக்கோண வலையாக இணைக்கும் முறை) வரட்டும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஆனால் சுமார் 160 கிரெடிட்டுக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டும். எதைக் குறைப்பது?

பதில்: புவி அளவியல் ஆய்வாளர், கோவை

கம்பைலர் பாடத்தையும் வலையமைப்புப் பாடத்தின் பின்பாதியையும் விருப்பப் பாடங்களாக்கலாம். நெறிமுறைகள், தரவுத்தளம், இயங்குதளம் ஆகிய மூன்றிலும் கை வைக்காதீர்கள்.

நடுவில் வைக்க வேண்டியது, என் கருத்தில், பிழையைப் பற்றிய அறிவு. நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும் முதலாண்டிலேயே முடிந்து, மூன்றாம் பருவத்தில் மீச்சிறு வர்க்கச் சரிக்கட்டல் (பிழைகளின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை மிகக் குறையும்படி அளவீடுகளைத் திருத்தும் முறை) கட்டாயப் பாடமாக வர வேண்டும். பிரெஞ்சுக் கணிதர் லெஜாந்தர் 1805இல் வெளியிட்ட அம்முறையைத் தாமும் வளர்த்த ஜெர்மன் கணிதர் காஸ், பின்னாளில் ஹனோவர் நாட்டையே களத்தில் நின்று அளந்தவர். இன்றைய இயந்திரக் கற்றலில் வரும் ரிக்ரெஷனும் (தரவுக்குப் பொருந்தும் கோட்டைக் கண்டறிதல்), தன் இருப்பிடத்தைத் தானே கணிக்கும் ரோபோவின் கணக்கும் அதே அடித்தளத்தில்தான் நிற்கின்றன. எனவே இப்பாடம் இரு துறைகளுக்கும் பொதுச் சொத்து. நிலப்படவியலையும் இதனோடு கட்டுங்கள்: ஒரு கோட்டை எவ்வளவு தடிப்பாக வரைகிறோம் என்பதே அது எவ்வளவு நம்பத்தக்கது என்பதைச் சொல்ல வேண்டும்.

வேலைவாய்ப்பைப் பற்றிக் குழுவில் கேட்பார்கள். 2021இல் வரைபடத் தரவு விதிகள் தளர்த்தப்பட்டதையும், 2022இன் தேசியப் புவிசார் கொள்கையையும், சர்வே ஆஃப் இந்தியா நாடெங்கும் நிறுவியுள்ள தொடர் இயக்கக் குறிப்பு நிலையங்களையும் (இடைவிடாமல் செயற்கைக்கோள் குறிகளைப் பதிந்து துல்லிய நிலை காண உதவும் நிலையங்கள்) முன்வையுங்கள்.

களமுகாமை இறுதியாண்டுக்குத் தள்ளாமல், இரண்டாம் ஆண்டில், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை மாதத்தில் திருச்செங்கோடு நாமக்கல் சாலையில் நடத்தலாம். மாணவர்கள் மண்டல எல்லையைக் கடந்து ஒரு டிராவர்ஸை (புள்ளிக்குப் புள்ளி தொலைவும் கோணமும் அளந்து செல்லும் தொடர்) மூடி, அதைச் சரிக்கட்டும் நிரலைத் தாமே எழுதி, ஒவ்வொரு புள்ளிக்கும் பிழை நீள்வட்டத்தோடு (புள்ளியின் நிலை எவ்வளவு தவறக்கூடும் என்று காட்டும் வட்டம்) ஒப்படைக்கட்டும். மதிப்பெண்ணில் பாதியை அந்த நீள்வட்டத்துக்கே ஒதுக்குங்கள்.