தீர்த்தன் ஆற்றுக்கு டிரவுட் பிடிக்கப் போகிறேன், ஊரிலிருந்தே எப்படித் தயாராவது?

கானாடுகாத்தான்காரன்:

வணக்கம். எனக்குத் தெரிந்ததெல்லாம் கண்மாய் மீன்பிடிதான். சின்ன வயதில் மூங்கில் தூண்டில், தக்கை, மண்புழு. இப்போதும் கண்மாய் அழிக்கிற அன்று ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவேன்.

டெல்லியில் இருக்கும் என் மச்சான் செப்டம்பர் கடைசி வாரம் இமாச்சலத்துத் தீர்த்தன் ஆற்றில் டிரவுட் என்ற குளிர்நீர் மீனைப் பிடிக்க மூன்று நாள் ஃப்ளை ஃபிஷிங் (செயற்கைப் பூச்சி கட்டித் தூண்டில் வீசுவது) பதிவு பண்ணியிருக்கிறார். வழிகாட்டி ஒருவர் கூடவே வருவார். அவர் அனுப்பிய பட்டியலில் '9 அடி 5 வெயிட் ராடு, 4எக்ஸ் 5எக்ஸ் டிப்பெட்' என்றெல்லாம் இருக்கிறது, ஒன்றும் பிடிபடவில்லை. இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. ராடு வாங்க வேண்டுமா? இங்கே இருந்தே என்ன பழகலாம்? எனக்கு வயது 46, பனித் தண்ணீரில் நின்று பழக்கமில்லை.

பள்ளத்தூர் பயணி:

காலைப் பல்லவன் ரயிலில் சென்னை, அன்று இரவே தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். டெல்லியில் மச்சான் வீட்டில் ஒரு நாள் படுத்து எழுந்துவிட்டு, மணாலி போகும் இரவுப் பேருந்தில் ஏறுங்கள். ஔட் சுரங்கப்பாதை பக்கம் இறங்க வேண்டும் என்று நடத்துனரிடம் ஏறும்போதே சொல்லி வையுங்கள். அங்கிருந்து வண்டி பிடித்து பஞ்சார் வழியாகத் தீர்த்தன் கரையில் இருக்கும் குஷைனி. வளைவு வளைவான பாதை, இஞ்சி மரப்பா கையில் இருக்கட்டும்.

தேவகோட்டை வாத்தியார்:

தம்பி, நான் இரண்டு தடவை போய் வந்தவன். முதல் தடவை முதல் நாள் முழுக்க வீணாய்ப் போனது. சாமானில் குறை ஒன்றும் இல்லை, கை பழகவில்லை. ராடு வழிகாட்டியிடமே இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். ஆனாலும் பழகுவதற்குச் சாதாரண 5 வெயிட் செட் ஒன்று வாங்கிவிடுங்கள். நான்கு துண்டாகக் கழற்றிப் பையில் போட்டு அங்கேயும் கொண்டு போகலாம்.

நம் தூண்டிலில் ஈயம் கனம், அது போகிற பக்கம் நைலான் நரம்பு போகும். இதில் பூச்சி மாதிரி இறகு கட்டிய முள்ளுக்குக் கனமே கிடையாது, நூல்தான் கனம். 'வெயிட்' என்பது அந்த நூலின் கனத்துக்கு உள்ள எண். நூலைப் பின்னால் வீசி, அது நீண்டு நேராகும் வரை கையை நிறுத்தி, பிறகு முன்னால் வீச வேண்டும். கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள்: முன்னால் 10 மணி, பின்னால் 2 மணி, அதற்கு மேல் ராடு சாயக் கூடாது. என் வழிகாட்டிக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி அரைகுறை. தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வீச்சுக்கும் 'ருக்கோ, ருக்கோ' என்பார். நில், நில். மூன்றாம் நாள்தான் அவர் சொல்லாமலே என் கை நின்றது.

இரண்டாம் தடவை ஊரிலேயே பழகிவிட்டுப் போனேன். முதலில் வீட்டு வளவில் நின்று வீசினேன், நூல் தூணில் சுற்றிக்கொண்டது. கண்மாய் உள்வாய்தான் சரியான இடம். ஆவணியில் தண்ணீர் வற்றி அருகம்புல் படர்ந்து கிடக்குமே, அங்கே. சரளையிலும் செம்பூராங்கல் தரையிலும் வேண்டாம், நூலின் மேல்பூச்சு உரிந்துவிடும். முள் கட்டாமல் நுனியில் சிவப்புக் கம்பளி நூல் ஒரு துண்டு கட்டுங்கள். 30 அடி தள்ளி ஓலைக் கொட்டான் ஒன்றை வைத்து அதற்குள் விழ வையுங்கள். தினம் காலையில் 20 நிமிடம் போதும், ஒரே நாளில் இரண்டு மணி நேரம் வீசினால் தோள் பிடித்துக்கொள்ளும். சரியாக வீசினால் சத்தம் வராது. அவசரப்பட்டால் சாட்டை சொடுக்கியது போல 'டப்' என்று கேட்கும். ஆற்றில் அந்தச் சத்தம் கேட்டால் பெரும்பாலும் நுனியில் முள் இருக்காது.

அப்புறம் டிப்பெட். முள்ளுக்கு முன்னால் வருகிற மெல்லிய நரம்பு அது. எக்ஸ் எண் ஏற ஏற நரம்பு மெலியும்: 4எக்ஸ் 0.18 மி.மீ., 5எக்ஸ் 0.15 மி.மீ. நாம் விராலுக்குப் போடும் 40 நம்பர் நரம்பில் பாதிகூட இல்லை. தக்கை முங்கியதும் நாம் 'வெடுக்'கென்று வெட்டுவோமே, அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். மீன் பூச்சியைக் கவ்வினால் ராடை மெல்லத் தூக்கினாலே போதும். நான் வெட்டி வெட்டியே இரண்டு மீனை அறுத்து விட்டேன், வாயில் முள்ளோடு அவை போனது இன்றைக்கும் மனதை உறுத்துகிறது.

முள்ளின் எதிர்முள்ளை (நுனியருகே பின்பக்கம் நீட்டும் சிறு கூர்) குறடால் நசுக்கிவிடுங்கள். மீனுக்கும் நல்லது, நமக்கும் நல்லது. காற்றடித்த ஒரு வீச்சில் முள் என் காதுக்குப் பின்னால் ஏறியது. நசுக்கியிருந்ததால் ஒரு சொட்டு இரத்தத்தோடு வழுக்கி வந்துவிட்டது. தொப்பியும் கண்ணாடியும் இல்லாமல் வீசவே கூடாது. போலரைஸ்டு கண்ணாடியாக இருந்தால் நீரின் பளபளப்பு அடங்கிக் கல்லோரம் நிற்கும் மீனும் தெரியும்.

பனித் தண்ணீரில் நிற்பதைப் பற்றிக் கேட்டீர்கள். பாசி பிடித்த உருண்டைக் கல், நல்ல இழுப்பு. கெட்டியான லேஸ் ஷூ, கம்பளிக் காலுறை, சீக்கிரம் காயும் பேன்ட், ஒரு ஊன்றுகோல். ஜீன்ஸ் வேண்டாம். முதல் நாள் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காதீர்கள். வேடர் (தண்ணீர் புகாத நீளக் கால்சட்டை) தந்தால் இடுப்பு வாரை இறுக்கிக் கட்டுங்கள், விழுந்தால் உள்ளே நீர் சட்டென்று நிறையாது.

மீன்வளத் துறை உரிமச்சீட்டை வழிகாட்டியே எடுத்துத் தருவார், சீட்டை நீங்களும் கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே டிரவுட் பிடிக்கத் தடை, முட்டையிடும் காலம். உங்கள் தேதி நல்ல தேதி, மழைக் கலங்கல் தெளிந்திருக்கும்.

பழுப்பு டிரவுட்டை அந்தப் பக்கத்து ஆறுகளில் 1909-இல் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டார்கள். உடம்பில் சிவப்புப் புள்ளி, சுற்றி வெளிறிய வளையம். கையை நனைத்துக்கொண்டுதான் தொட வேண்டும், காய்ந்த கை அதன் வழுவழுப்பை உரித்துவிடும். தண்ணீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றி, நீரோட்டத்துக்கு எதிராகத் தலையை வைத்துப் பிடித்திருங்கள். அது வாலை உதறும், விட்டுவிடுங்கள்.

கோட்டையூரான்:

வழிகாட்டி வைத்து வாத்து சுடவும் கூட்டிப் போவார்கள் என்று கேள்விப்பட்டேனே, அதையும் சேர்த்துக்கொள்ளலாமா?

திருப்பத்தூர் வாசி:

அது வெளிநாட்டில். நம் நாட்டில் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு வாத்தைச் சுடுவது குற்றம். சட்டத்தை விடுங்கள், எங்கள் பக்கம் கொள்ளுகுடிப்பட்டிக்கு மார்கழியில் ஒரு நடை வாருங்கள். 1977-இல் வேட்டங்குடி சரணாலயமாக அறிவித்த கண்மாய்கள் அவை. கூட்டில் இருக்கும் பறவைகள் மிரளக் கூடாதென்று அந்த ஊர்ச் சனங்கள் தீபாவளிக்கு வெடிகூடப் போடுவதில்லை. பைனாகுலர் நான் தருகிறேன்.

கானாடுகாத்தான்காரன்:

வாத்தியார் ஐயாவுக்கு நன்றி. ராடு வந்துவிட்டது. இன்று ஐந்தாம் நாள். கொட்டானுக்குள் இன்னும் ஒன்றும் விழவில்லை, ஆனால் 'டப்' சத்தம் பத்துக்கு மூன்றாகக் குறைந்திருக்கிறது. பின்னால் எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பதுதான் பிடிபடவில்லை.

தேவகோட்டை வாத்தியார்:

எண்ணாதீர்கள் தம்பி. தலையைத் திருப்பி நூலைப் பாருங்கள். சுருள் விரிந்து கடைசி வளைவு நேராகும்போது ராடு உங்கள் உள்ளங்கையை லேசாக இழுக்கும். அந்த இழுப்பு தெரிந்ததும் முன்னால் வீசுங்கள்.