‘குஸ்தார்’ வகை வினையில் வரும் ‘எனக்கு’வுக்கு என்ன பெயர்?

மடல் 1
நண்பர்களே, ஸ்பானியப் பயிற்சிநூலின் எட்டாம் பாடம் நாளைக் காலை அச்சுக்குப் போகிறது. ‘மே குஸ்தா எல் கஃபே’ என்றால் ‘எனக்குக் காபி பிடிக்கும்’. அந்த ‘மே’, அதாவது ‘எனக்கு’, இலக்கணத்தில் யார்? இப்போதைக்கு ‘நான்காம் வேற்றுமை எழுவாய்’ என்று போட்டிருக்கிறேன். சரியா?

மடல் 2
சரியில்லை. ‘எழுவாய் வேற்றுமை பெயர்தோன்று நிலையே’ என்று தொல்காப்பியம் சொன்ன பிறகு, குவ்வுருபு ஏற்றது எழுவாய் ஆவது எப்படி? ஸ்பானியத்திலும் எழுவாய் காபிதான். புத்தகங்கள் என்றால் ‘மே குஸ்தான் லோஸ் லிப்ரோஸ்’ என்று வினை பன்மையாகிறது. ‘எனக்கு’வை எழுவாய் என்று கற்றவர் ‘யோ குஸ்தோ’ (‘நான்’ எழுவாய்) என்று எழுதி மாட்டிக்கொள்வார். ‘கொள்வோன்’ என்று வையுங்கள். நான்காம் வேற்றுமைக்கு ‘எப்பொருள் ஆயினும் கொள்ளும் அதுவே’ என்பதுதானே நூற்பா?

மடல் 3
கொள்வோன் என்றால் சந்தையில் சரக்கு வாங்குபவர். குஸ்தாரின் லத்தீன் மூலம் ‘குஸ்தாரே’, சுவைத்தல். நம் ‘குதட்டு’தான் கடல் கடந்து அப்படி ஆயிற்று என்பேன். ஆகவே ‘சுவைஞர்’.

மடல் 4
குதட்டுவது வெற்றிலையை, ஐயா. லத்தீன் சொல்லுக்கு உறவு வடமொழி ‘ஜுஷ்’. இப்படியே போனால் குஸ்தியும் வந்து நிற்கும். தவிர, ‘மே துவேலே லா கபேசா’ (எனக்குத் தலை வலிக்கிறது) இதே பாடத்தில் வருகிறது. தலைவலியை யார் சுவைப்பது?

பெயரைவிட முக்கியம்: ‘தமிழர்க்கு இது எளிது’ என்று எழுதிவிடாதீர்கள். பாதிதான் எளிது. ‘எனக்கு உன்னைப் பிடிக்கும்’ என்பதில் ‘உன்னை’ செயப்படுபொருள், வினை அசையாது. ஸ்பானியத்தில் ‘நீ’ எழுவாய், அதனால் ‘மே குஸ்தாஸ்’. அதில் காதல் வாடை வேறு. வகுப்புத் தோழரிடம் வெறுமனே நல்லெண்ணம் சொல்ல ‘மே காயெஸ் பியென்’ போதும். அடுத்து, பெயரைச் சொன்னாலும் ‘லே’ (அவனுக்கு) போகாது: ‘ஆ ஹுவான் லே குஸ்தா எல் கஃபே’. ‘ஹுவானுக்கு, அவனுக்குப் பிடிக்கும்’ என்கிற மாதிரி. நம் பிள்ளைகள் முதலில் விடுவது ‘லே’, அடுத்து பெயருக்கு முன் வரும் ‘ஆ’ (நம் ‘கு’ மாதிரி). பாடுவதும் ஆடுவதும் பிடிக்கும் என்றால் தொழிற்பெயர் இரண்டு இருந்தும் ‘குஸ்தா’ ஒருமைதான்.

மடல் 5
மகிழ்வுறு, துன்புறு என்பதை வைத்து ‘உறுநர்’ என்றால் இன்பம், வலி இரண்டுக்கும் பொருந்துமே?

மடல் 6
பொருந்தும். மாணவர் காதில் ‘உறுப்பினர்’ என்று விழும், அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டிய சொல் எதற்கு? ‘எனக்கு–வினை’ என்றால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

மடல் 7
‘எனக்கு–வினை’யா? அதைப் பார்த்தால் தன்மை இடத்துக்கு (நான், நாம்) மட்டும் உரியது என்று நினைப்பார்கள்.

மடல் 1 (மீண்டும்)
மணி பதினொன்று. தலைப்பு ‘பிடிக்கும் வகை வினைகள்’. உள்ளே ‘உறுநர்’, முதல் இடத்தில் மட்டும் விளக்கத்தோடு. நால்வர் சரி என்றார்கள், இருவர் தூங்கப் போய்விட்டார்கள்.

மடல் 2 (மீண்டும்)
என் மறுப்பு நிற்கிறது. நன்னூலார் நான்காம் வேற்றுமையின் பொருள்களைக் கொடை, பகை என்று அடுக்கிவிட்டு ‘ஆதி’ (முதலியன) என்று வாசலைத் திறந்தே வைத்திருக்கிறார். கொள்வோனுக்கு அதில் இடம் உண்டு. இரண்டாம் பதிப்பில் பேசுவோம்.