பேச்சு சிகிச்சை படித்தவர்களுக்கு முதல் வேலை கிடைக்க எது கைகொடுக்கிறது?

வணக்கம் நண்பர்களே. பேச்சு, கேட்டல் துறையில் பட்டம் முடித்து 8 மாதங்கள் ஆகின்றன. விழுங்குவதில் உள்ள சிரமத்தைச் சரிசெய்வதும் எங்கள் வேலைதான் என்பதால், நேர்காணலுக்குப் போன இடங்களிலெல்லாம் ஒரே கேள்விதான்: "விழுங்குதல் சிரமம் உள்ளவர்களைத் தனியாகப் பார்த்திருக்கிறீர்களா?" என் பயிற்சிக்காலம் பெரும்பாலும் குழந்தைகளோடு கழிந்தது. பெரியவர்களை அதிகம் பார்த்ததில்லை. ஆனால் பக்கவாதத்துக்குப் பின் சொல் வராமல் தவித்த ஒருவர், ஆறாவது வாரம் தம் மனைவியின் பெயரைத் திக்கித் திணறி முழுதாகச் சொன்னபோது அருகில் இருந்தேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வேறு வேலைக்குப் போக மனம் வரவில்லை.

இந்தத் துறையில் வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள், உங்களுக்கு உண்மையில் உதவியது எது? மேற்பார்வையாளரின் பரிந்துரையா, பயிற்சி எடுத்த இடத்தின் அறிமுகமா? மதிப்பெண்ணை யாரும் பெரிதாகப் பார்ப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மூத்த சிகிச்சையாளர் ஒருவருடன் சில மாதங்கள் உடனிருந்து கற்றால் அதை அனுபவமாக ஏற்பார்களா? என்னால் இரண்டு மொழிகளில் பயிற்சி தர முடியும். அதை விண்ணப்பத்தின் தொடக்கத்திலேயே எழுதலாமா?

விண்ணப்பத்தைப் படித்துத் திருத்தித் தர யாராவது முன்வந்தால் இன்றே அனுப்புகிறேன்.