கோத்தகிரி தேயிலை சர்வே: ‘விவசாயிகள் கருத்து’ என்று தலைப்புப் போடலாமா?

மலைக்காத்து:
சிறு தேயிலை விவசாயிகளிடம் கூகுள் ஃபார்மில் ஒரு சர்வே எடுத்தோம். வாட்ஸ்அப் குழுக்களில் லிங்க் போட்டதில் நூற்றுச் சொச்சம் பதில் வந்திருக்கிறது. முக்கியமான கேள்வி: “பச்சைத் தேயிலைக்கு விலை குறைவாகவும் எடையில் கழிவு அதிகமாகவும் இருப்பதால் பாதிக்கப்பட்டுள்ளீர்களா?” முக்கால்வாசிப் பேர் ஆம் என்கிறார்கள். மனுவோடு கலெக்டர் ஆபீஸில் கொடுக்கணும். ‘கோத்தகிரி விவசாயிகள் கருத்து’ என்று போடலாமா, இத்தனை பேர் போதுமா?

பழைய கணக்கு:
தம்பி, எண்ணிக்கை கிடக்கட்டும், கேள்வியே சரியில்லை. விலை, கழிவு இரண்டையும் ஒன்றாகக் கேட்டால் ஒருவர் எதற்கு ஆம் என்றார் என்று எப்படித் தெரியும்? ‘பாதிக்கப்பட்டுள்ளீர்களா’ என்று பதிலையும் நீங்களே எடுத்துக் கொடுக்கிறீர்கள். கடைசியாகக் கொழுந்து போட்டபோது கிலோவுக்கு என்ன விலை, நூறு கிலோவுக்கு எத்தனை கிலோ கழித்தார்கள், ஃபேக்டரிக்கு நேராகவா ஏஜென்ட் வழியாகவா என்று தனித்தனியாகக் கேட்டிருந்தால் ரசீதைப் பார்த்தே சொல்லியிருப்பார்கள்.

குன்னூர் வாத்தியார்:
எத்தனை பேர் என்பதைவிட யார் பதில் சொன்னார்கள் என்பதுதான் விஷயம். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு ஒரு பத்திரிகை சுமார் ஒரு கோடி பேருக்குச் சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தும் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்று சொல்லி மூக்குடைபட்டது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். முகவரிகளை எடுத்ததே பெரும்பாலும் கார், டெலிபோன் வைத்திருந்தவர்கள் பட்டியலில் இருந்துதான், அதிலும் கால்வாசிப் பேர்கூடப் பதில் போடவில்லை. நூறு பேர் என்றால் பிழை வரம்பு (சர்வே முடிவு நிஜத்திலிருந்து எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்பது) ஏறக்குறைய 10 சதவீதப் புள்ளி, 400 பேர் என்றால் 5 என்பதெல்லாம் குலுக்கல் முறையில் ஆள் எடுத்தால் மட்டும். பட்டன் போன் வைத்துக்கொண்டு அரை ஏக்கர் பார்க்கிற பாட்டி உங்கள் குழுவில் இருக்கிறாரா? ஹட்டி (மலைக் கிராமம்) வாரியாகப் பட்டியல் போட்டு, குலுக்கி எடுத்து, நேரில் போய்க் கேளுங்கள்.

மலைக்காத்து:
சார், அடுத்த வாரமே மனு. மறுபடி எடுக்க நேரமில்லை.

குன்னூர் வாத்தியார்:
சரி, அப்போ ‘வாட்ஸ்அப் வழியாகப் பதில் சொன்ன சிறு விவசாயிகள்’ என்று மட்டும் போடுங்கள். எந்தத் தேதிகளில் எடுத்தது, எத்தனை பேர் என்பதோடு கேள்வியையும் வார்த்தை மாறாமல் அச்சடியுங்கள். நூறு பேரை வைத்துக்கொண்டு 62.37% என்று புள்ளி வைத்தால் சிரிப்பார்கள். ஏழு பேரில் ஐந்து பேர் என்றால் அப்படியே எழுதுங்கள், 71% ஆக்க வேண்டாம்.

பழைய கணக்கு:
இன்னொன்று, எக்செல் ஷீட்டை அப்படியே இணைத்துவிடாதீர்கள். பெயரை எடுத்துவிட்டாலும் ஹட்டி, ஏக்கர், எந்த ஃபேக்டரி என்ற மூன்றும் ஒரே வரிசையில் இருந்தால் நம்ம ஊரில் யார் வீடு என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அந்த ஆள் மறுநாளும் அதே ஃபேக்டரிக்குத்தான் கொழுந்து போடணும்.