நெரூதாவின் 20-ஆம் கவிதை யாருக்கு?

சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெரூதாவின் ‘இருபது காதல் கவிதைகள்’ (1924) பற்றி எங்கள் வாசகர் வட்டத்தில் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். எந்தக் கவிதை எந்தப் பெண்ணை எண்ணி எழுதப்பட்டது என்று பிரிக்கத் தொடங்கி, பாதியில் நிற்கிறேன்.

அவருடைய நினைவுக்குறிப்புகளை ஆங்கிலத்தில் படித்துவிட்டேன். மனிதர் அந்தப் பெண்களுக்கு மாரிசோல், மாரிசோம்ப்ரா என்று மாற்றுப்பெயர் சூட்டி நழுவிவிடுகிறார். முன்னவர் தெற்குச் சிலியின் தெமுகோ ஊர்க்காரர்; பின்னவர் தலைநகர் சாந்தியாகோவில் படித்த மாணவி. அந்த மாணவி அல்பெர்தினா அசோகார் என்பது நெரூதா அவருக்கு எழுதிய கடிதங்கள் வெளிவந்தபின் தெளிவாகிவிட்டது. 6-ஆம் கவிதையின் சாம்பல் நிறத் தொப்பி அவருடையதுதான். நினைவுக்குறிப்பிலும் அதே தொப்பி வருகிறது. 16-ஆம் கவிதையை ஒதுக்கிவிட்டேன். அது தாகூரின் கவிதையைத் தழுவியது. அதில் போய்ப் பெண்ணைத் தேடுவது வீண்வேலை.

சிக்கல் 20-இல்தான். இரவு, விண்மீன்கள், குரல், கண்கள் எல்லாம் இருக்கின்றன. ஆளைக் காட்டிக்கொடுக்க ஒரு தொப்பிகூட இல்லை. இணையத்தில் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள், சான்று யாரும் தருவதில்லை. எனக்கோ ஸ்பானிஷ் தெரியாது.

அந்தக் கவிதை இவ்விருவரில் யாரைப் பற்றியது என்று நெரூதாவே எங்காவது எழுதியோ பேட்டியில் சொல்லியோ இருக்கிறாரா?