கொலஸ்ட்ரால் அளவு குறைந்த பிறகு ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி:
ஓராண்டாக, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்து எடுத்துவரும் என் தந்தைக்கு, கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். 168-இலிருந்து 92-ஆகக் குறைந்துள்ளது. இனி மருந்து வேண்டாம், அது கல்லீரலைக் கெடுத்துவிடும் என்று உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். நிறுத்தலாமா?

மறுமொழி 1:
ஐயா, அந்த 92 மருந்து வேலை செய்வதன் அடையாளமே தவிர, குறைபாடு நீங்கிவிட்டதன் அடையாளம் அன்று. கொலஸ்ட்ராலின் பெரும்பகுதியை உடலே உருவாக்குகிறது. அவ்வுற்பத்திக்குத் தேவையான நொதியை ஸ்டாட்டின் தடுப்பதால், கல்லீரல் தன் தேவைக்காக ரத்தத்திலுள்ள எல்.டி.எல். துகள்களைக் கூடுதலாக இழுத்துக்கொள்கிறது. நிறுத்தினால் சில வாரங்களிலேயே அளவு மீண்டும் ஏறிவிடும். கடுமையான கல்லீரல் பாதிப்பு மிக அரிது. அவருக்கு வேறு நோய்கள் உண்டா?

கேள்வி கேட்டவர்:
சர்க்கரை நோய் உண்டு. தசைவலி இருப்பதாகவும் சொல்கிறார்.

மறுமொழி 2:
சர்க்கரை நோய் இருப்பவருக்கு மாரடைப்பு அபாயம் கூடுதல் என்பதால், தாமாக நிறுத்துவது எனக்கு உண்மையிலேயே கவலையளிக்கிறது. பக்கவிளைவுகளால் ஸ்டாட்டினைக் கைவிட்டவர்களிடம் நடத்தி 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், அவர்கள் உணர்ந்த தொல்லையில் சுமார் 90 விழுக்காடு, மருந்தில்லாத போலி மாத்திரையை விழுங்கியபோதும் இருந்தது. அதற்காக அவருடைய வலியைப் பொய்யென்று தள்ளிவிடாதீர்கள்; மருத்துவர் மருந்தின் அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கோ எசெட்டிமைப் என்ற வேறு வகைக் கொலஸ்ட்ரால் மருந்துக்கோ மாற்றலாம். வலி கடுமையாகி, சிறுநீர் கருத்துப் போனால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.