ஊமைத்துரை சீன்ல மொத்த டீமும் சொதப்புது, என்ன பண்ணலாம்?

பதினொன்னு_பி:
ஆண்டு விழாவுக்கு கட்டபொம்மன் நாடகம் போடுறோம். வாட்ஸாப் குரூப்ல ஒருத்தன் ராத்திரி வசனத்த மாத்தி போடுறான், பாதி பேர் பாக்கறதே இல்ல, சில பேருக்கு போனே அம்மாகிட்டதான் இருக்கு, மறுநாள் ரிகர்சல்ல ஆளுக்கொரு வசனம். கேட்டா "நீ என்ன பெரிய டைரக்டரா"ன்னு சண்டை. இதவிட தலைவலி கட்டபொம்மனோட தம்பி ஊமைத்துரை சீன், அவருக்கு பேச்சு வராதுல்ல, நம்மாளு சைகைய முடிச்சானா இல்லையான்னே தெரியாம அடுத்தவன் குறுக்க பேசிடறான், இல்லன்னா எல்லாரும் முழிச்சுட்டு நிக்கறோம்.

மேடைப்பைத்தியம்:
தம்பி, மொதல்ல குரூப்ல வசனம் மாத்தறத நிறுத்துங்க. ஒரே ஒரு ஸ்கிரிப்ட் நோட்டு, அது நடிக்காத ஒரு ஆள்கிட்ட இருக்கட்டும். மாத்தணும்னா ரிகர்சல்ல எல்லாரும் இருக்கும்போது சத்தமா படிச்சு அதுல எழுதணும், குரூப்ல நேரமும் எடமும் மட்டும் போதும். அப்புறம் ஆளாளுக்கு தன் வசனத்த மட்டும் மனப்பாடம் பண்ணுவாங்க பாருங்க, முன்னாடி பேசறவன் கடைசியா சொல்ற மூணு வார்த்தையும் சேத்து எழுதிக்கணும்.

நெல்லை_தமிழாசிரியை:
ஊமைத்துரைய எதுத்து சண்ட போட்ட வெல்ஷ்ங்கற கிழக்கிந்தியக் கம்பெனி படை அதிகாரியே அவர் சைகைய எழுதி வச்சிருக்கார்ப்பா. இடது உள்ளங்கைல சின்னச் சின்ன வைக்கோல் துண்ட அடுக்குவாராம், அது வெள்ளைக்காரப் படை. இன்னொரு கையால அத வழிச்சு தள்ளிட்டு வாயால விர்ர்னு ஒரு சத்தம், தாக்குங்கன்னு உத்தரவு அதான். அந்த சத்தத்தயே வச்சுக்கோங்க, அது கேக்கறவரைக்கும் யாரும் வாயத் தொறக்கக் கூடாது. ஆனா ஒண்ணு, கட்டபொம்மன 1799 அக்டோபர்லயே கயத்தாறுல தூக்குல போட்டாச்சு, ஊமைத்துரை பாளையங்கோட்டை ஜெயில்லேர்ந்து தப்பிச்சது 1801-ல. அதுக்கப்புறம் நடந்த சண்டைல அண்ணன கொண்டாந்து நிக்க வச்சிராதீங்க, நெறைய நாடகத்துல பாத்து வெறுத்துப்போச்சு.

கடைசிபெஞ்ச்:
டைரக்டரா சண்டைக்கு: சீன் நடுவுல நிறுத்தி திருத்தாதீங்க ப்ரோ, முழுசா ஓடட்டும். முடிஞ்சதும் நோட்டு வச்சிருக்கறவர் மட்டும் சொல்லட்டும். "நடிப்பு சரியில்ல"ன்னா எவனுக்கும் கோவம் வரும், "கலெக்டர் ஜாக்சன் உக்கார்றதுக்கு முன்னாடியே நீ திரும்பிடற"ன்னு சொன்னா திருத்திப்பான்.

பதினொன்னு_பி:
டீச்சர் சூப்பர், அந்த வைக்கோல் மேட்டர் பசங்களுக்கு காட்டினேன், சண்ட போட்டவனே நான் பண்றேன்னு வர்றான். ஒரு டவுட், எங்களுக்கு ரெண்டே ஸ்டாண்ட் மைக்தான், விர்ர் சத்தம் பின்னாடி வரைக்கும் கேக்குமா?

நெல்லை_தமிழாசிரியை:
கூட நிக்கறவனுக்கு கேட்டா போதும்ப்பா, மைக்க பேசறவங்களுக்கு விடுங்க. வைக்கோல்தான் பின்னாடி தெரியாது, விளக்குமாத்துக் குச்சிய ஒடச்சு கொஞ்சம் நீளமா வச்சுக்கோங்க, கைய நெஞ்சுக்கு மேல தூக்கச் சொல்லுங்க.